முதல் விருப்பம்

அந்த வீட்டில் யாரும் சும்மா கோபப்பட்டுவிட முடியாது. மருமகள் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டால் போதும், மாமியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இது பாத்திரத்து மேல இருக்கிற கோபம் இல்லம்மா. யார் மேலன்னு யோசிச்சுப் பாரு," என்பார். மகன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தால், "அவங்கப்பா போனதுலருந்து இவன் இப்படித்தான்," என்பார். வேலைக்கு வரும் பெண் ஒருநாள் வராமல் போனாலும் அதற்கும் அவரிடம் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். ஆயுளில் பாதிக்கு மேல் மனநல மருத்துவராக இருந்துவிட்டவர். வீட்டின் கீழ்த்தளம் முழுக்க அவருடைய கிளினிக்.

கிளினிக்குக்கு வருகிறவர்கள் மாமியாரைப் 'பெரிய டாக்டர்' என்றும் மருமகளைச் 'சின்ன டாக்டர்' என்றும் சொல்வார்கள். மகனை வெறுமனே 'தம்பி' என்பார்கள். அவனும் டாக்டர்தான். மனைவியோடு ஒரே வகுப்பில் படித்து, ஒரே நாளில் பட்டம் வாங்கியவன். ஏனோ அவனைப் பார்த்து யாருக்கும் டாக்டர் என்று வாய் வரவில்லை. அது அவனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வெளியில் சிரித்துக்கொள்வான்.

இருவரும் மனநல மருத்துவம் படிப்பதாக முடிவு செய்திருந்தார்கள். அவனுக்குக் காரணம் கீழ்த்தளத்தில் இருந்தது. அவளுக்குக் காரணம், அவள் வேலை பார்த்த அவசர சிகிச்சைப் பிரிவில் கிடைத்தது. பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு ஒரு தச்சர் மூன்றாவது தடவையாக வந்திருந்தார். வயிற்றைக் கழுவினார்கள், சலைன் ஏற்றினார்கள், மறுநாள் அனுப்பத் தயாரானார்கள். ஏன் குடித்தார் என்று மூன்று தடவையும் யாரும் கேட்கவில்லை. அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள். அவர் பேச ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. பின்னால் நின்ற டியூட்டி டாக்டர், "கதை கேக்குறதுன்னா வெளில போய்க் கேளுங்க, எனக்கு பெட் வேணும்," என்று கத்தினார். தன் இடம் எது என்று அவளுக்கு அந்தக் கத்தலில்தான் தெரிந்தது.

இடையில் ஒரு விஷயம் நடந்தது. திருமணமாகி இரண்டாவது வருடத்தில், ஐந்து மாதக் கரு கலைந்துபோனது. அதற்கப்புறம் அவள் குளிக்கவில்லை, தலை வாரவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாடி விளிம்புக்குப் போய் நின்றுகொண்டு கீழே பார்த்ததும் உண்டு. மாமியார்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். "வெளி டாக்டர் எதுக்கு? நம்ம வீட்டு விஷயம் நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்," என்று தானே மாத்திரை எழுதினார், தன் கையாலேயே கொடுத்தார், வாயைத் திறக்கச் சொல்லி விழுங்கிவிட்டாளா என்று பார்த்தார். கிளினிக்கைக்கூட மூடிவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நாட்கள் இருந்தன. அவள் தேறினாள். மாத்திரையை மெல்லக் குறைத்து நிறுத்தியதும் மாமியார்தான். என் உயிருக்கு அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன் என்ற நினைப்பு அவளுக்கு எப்போதும் உண்டு. மாமியாருக்கும் அந்த நினைப்பு உண்டு. சிக்கல் அங்கேதான் இருந்தது.

மேற்படிப்பு இடத்துக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். விண்ணப்பித்த துறைகள் எல்லாம் நேர்காணலுக்குக் கூப்பிடும். பிறகு மாணவர்கள் தங்கள் விருப்பத்தை முதலாவது, இரண்டாவது என்று வரிசைப்படுத்திக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். துறைகளும் தங்களுக்கு வேண்டியவர்களை வரிசைப்படுத்தும். இரண்டையும் பொருத்திப் பார்த்து யாருக்கு எந்த இடம் என்று அறிவிப்பார்கள். இவர்கள் இருவரும் மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். ஒன்று நாடே பேர் சொல்லும் பெரிய நிறுவனம். இன்னொன்று வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரி. மூன்றாவது, ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் போக வேண்டிய தூரத்தில் இருந்த பழைய மனநல மருத்துவமனை. அங்கே போகும் எண்ணம் அவனுக்கு இல்லை. எண்ணிக்கைக்காகப் போட்டு வைத்தான்.

மாமியார் சாப்பாட்டு மேசையில் தீர்ப்பைச் சொன்னார்.

"அவன் பெரிய இடத்துக்குப் போகட்டும். அங்க தலைவர் என் ஸ்டூடன்ட்தான், நான் சொன்னாக் கேப்பான். நீ பக்கத்துக் காலேஜை முதல்ல போடு. காலையில போனா சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுல இருக்கலாம். நைட் டியூட்டி பேருக்குத்தான்."

"அங்க படிப்பும் பேருக்குத்தான் அத்தை," என்றாள் அவள்.

"படிப்பை நான் சொல்லித் தரேன். கீழ கிளினிக் எதுக்கு இருக்கு?"

"மார்க் எனக்குத்தான் அதிகம். பெரிய இடத்துக்கு நானும் போறேன். யாருக்குக் கிடைக்குதோ கிடைக்கட்டும்."

கணவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மாமியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"புருஷனோட போட்டி போடணும்னு ஒரு பொண்ணுக்குத் தோணுதுன்னா, அதுக்குக் கீழ வேற ஒண்ணு இருக்கும்மா."

"கீழ ஒண்ணும் இல்ல. மேல மார்க்தான் இருக்கு."

அவன் களுக்கென்று சிரித்துவிட்டான். அம்மா திரும்பிப் பார்த்ததும் தண்ணீர் குடித்தான்.

பெரிய நிறுவனத்தில் இருவருக்கும் ஒரே நாளில் நேர்காணல். அவன் முதலில் உள்ளே போய்விட்டு முகம் மலர வந்தான். "சும்மா குடும்ப நலம் விசாரிச்சாங்க," என்றான். அடுத்து அவள் போனாள்.

அறை குளிர்ந்து கிடந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் துறைத் தலைவர், இஸ்திரி கலையாத வெள்ளைக் கோட்டோடு. இடப்பக்கம் போனைத் தடவிக்கொண்டிருந்த ஒரு வழுக்கைத் தலை. வலப்பக்கம் ஒரு பேராசிரியை, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கவனமாகப் பார்த்தார். அவர்தான் முதலில் கேட்டார். சோற்றில் மனைவி விஷம் வைக்கிறாள் என்று சாப்பிட மறுக்கும் ஒருவரை மனைவியே கூட்டி வருகிறாள். முதலில் யாரோடு பேசுவீர்கள்?

"அவரோட. தனியா. மனைவியை வெளில உட்கார வச்சுட்டு."

"மனைவிதான் எல்லாம் சரியாச் சொல்லுவாங்க இல்லையா?"

"சொல்லுவாங்க. ஆனா அவங்ககிட்ட முதல்ல பேசினா, நானும் அவங்க ஆள்னு அவர் முடிவு பண்ணிடுவார். அப்புறம் நான் கொடுக்கிற மாத்திரையும் விஷம்தான். கடைசியில மனைவியையும் கேப்பேன். நிஜமாவே அவங்க ஏதாவது கலக்குறாங்களான்னும் பார்க்கணும்."

பேராசிரியை தலையசைத்து எதையோ எழுதிக்கொண்டார். மேலும் சில கேள்விகள் வந்தன. அவள் தடுமாறவில்லை. வழுக்கைத் தலைகூடப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டது. அப்போது தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"எல்லாம் சரி. ஒரு சின்ன விஷயம். நீங்க கொஞ்ச காலம் மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கிட்டீங்களாமே? மாடியில போய் நின்னீங்களாம். இங்க நைட் டியூட்டி கடுமையா இருக்கும். உங்களால தாக்குப் பிடிக்க முடியுமா?"

மாடி விஷயம் உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். கணவனிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை.

"உங்களுக்கு இது யார் சொன்னது சார்?"

"அக்கறை உள்ளவங்க. உங்க நல்லதுக்குத்தான்."

"என் அத்தை."

அவர் மறுக்கவில்லை. "அவங்க எனக்கு குரு. என்கிட்ட எதையும் மறைக்க மாட்டாங்க."

"அவங்க எனக்கு டாக்டர் சார். என்னை வைத்தியம் பார்த்தவங்க. நான் மாடியில நின்னது என் டாக்டருக்கு மட்டும்தான் தெரியும். அவங்க உங்ககிட்ட சொன்னது தப்பு. நீங்க அதைக் கேட்டு வாங்கிட்டு வந்து, என்னை முன்னப்பின்னத் தெரியாத இந்த ரெண்டு பேர் எதிர்ல எடுத்துப் போட்டது அதைவிடத் தப்பு. உங்க பேஷன்ட் யாராவது நாளைக்கு எங்கயாவது வேலைக்குப் போனா, அங்கயும் போன் பண்ணிச் சொல்லுவீங்களா?"

"கொஞ்சம் நிதானமாப் பேசுங்க. இப்படி உணர்ச்சிவசப்படுறதுதான்..."

"இது உணர்ச்சி இல்ல சார். கோபம். காரணத்தோட வந்த கோபத்துக்கு வியாதின்னு பேரு வைக்காதீங்க."

பேராசிரியை பேனாவை மூடினார். தலைவரைப் பார்க்காமலே, "இந்தக் கேள்வி கேட்கப்பட்டதா நான் எழுத மாட்டேன்," என்றார். அதை ஆதரவாகச் சொன்னாரா, தலைவரைக் காப்பாற்றச் சொன்னாரா என்று அவளுக்குப் புரியவில்லை.

"எழுதுங்க மேடம். கேட்டாங்கன்னே எழுதுங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வெளியே கணவன் இரண்டு காகிதக் கோப்பையில் காபியோடு நின்றிருந்தான்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"என்ன?" என்று அவன் கேட்கவில்லை. காபியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"அம்மா போன்ல பேசிக்கிட்டு இருந்தாங்க. என் காதுல விழுந்துச்சு," என்றான் கடைசியில். "சொல்லுங்கன்னு நான் சொல்லல."

"சொல்லாதீங்கன்னு சொன்னியா?"

"உன் நல்லதுக்குத்தான்னு நினைச்சேன்."

"இன்னிக்கு எல்லாருக்கும் என் நல்லது மேல ரொம்பப் பாசம்."

அவள் காபியைத் தொடவில்லை. தனியாக ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள்.

மதிய இடைவேளையில் கிளினிக் காலியாக இருந்தது. மாமியார் ஒரு கேஸைப் படித்துக்கொண்டிருந்தார். அவள் கதவைச் சாத்திவிட்டு, நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாடி விஷயத்தைச் சொல்லிட்டீங்க."

மாமியார் அதிரவில்லை. காகிதத்தை ஓரமாக வைத்தார். "சொன்னேன். அங்க நைட் டியூட்டி எப்படின்னு உனக்குத் தெரியாது. ராத்திரி ஒருத்தன் தூக்குல தொங்குவான், இறக்கிப் போட்டுட்டுக் காலையில ரவுண்ட்ஸ் போகணும். நீ உடைஞ்சு போயிடுவே."

"அதை என்கிட்ட சொல்லியிருக்கணும்."

"சொன்னா நீ கேப்பியா? நீ இப்ப உக்காந்திருக்கிற தோரணையைப் பாரு. இந்தக் கோபம் என் மேல இல்ல. போன குழந்தை மேல."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் குழந்தையை இதுக்குள்ள இழுக்காதீங்க. கோபம் உங்க மேலதான். சுத்தமா, கலப்படம் இல்லாம, உங்க மேல மட்டும்தான்."

"நீ இன்னிக்கு உக்காந்து பேசுறதே என்னாலதான்."

"ஆமா. அதை நான் என்னிக்கும் மறுத்ததில்ல. காப்பாத்தினீங்க. காப்பாத்துனதுக்காக என்னை எங்க வேணும்னாலும் வித்துடலாமா?"

"என்ன பேச்சு பேசுறே! உன்னை எவ்வளவு பத்திரமா..."

"உங்க பையனுக்கு மார்க் குறைவு. நான் முன்னால நின்னா அவனுக்குக் கிடைக்காது. அதுக்குத்தானே?"

மாமியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றப் போய், பாதியில் கையை இறக்கினார். "ரெண்டும் இருக்கலாம்," என்றார். "ஒரு காரியத்துக்கு ஒரு காரணம்தான் இருக்கணும்னு இல்ல."

அவர் உண்மையைச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அது வெறுப்பைக் குறைக்கவில்லை, கூட்டியது.

"நீங்க எனக்கு டாக்டரா, மாமியாரா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டு பேர்ல ஒருத்தராவது வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்."

மறுநாள் துறைத் தலைவரே போன் செய்தார். குரல் தேனாக ஒழுகியது. நேர்காணல் மிக நன்றாக இருந்ததாம், குழுவில் எல்லோருக்கும் அவளைப் பிடித்துப்போய்விட்டதாம், அவள் பெயரை மேலே போடப்போகிறார்களாம். "அந்த இன்னொரு பேச்சை மறந்துடுங்கம்மா. பெரிசு பண்ண வேண்டாம். ரெண்டு பேருக்குமே நல்லது."

புகார் கொடுத்துவிடுவாளோ என்ற பயம் அந்தத் தேனுக்குள் மிதந்தது. அவள் பார்ப்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கணவனின் முகம் கறுத்தது.

"உன்னை மேல போட்டா என்னைக் கீழ தள்ளிடுவாங்க. ஒரே வீட்டுலருந்து ரெண்டு பேரை எடுக்க மாட்டாங்க."

"அது உன் கவலையா?"

"மிரட்டி சீட் வாங்குறே. தெரியுதா? நீ படிச்சு வாங்கல, மிரட்டி வாங்குறே."

"நான் அந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

"அப்ப வேண்டாம்னு சொல்லு!"

"சொன்னா உனக்குக் கிடைக்கும். அதானே?"

அவன் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான். கீழிருந்து மாமியாரின் குரல் கேட்டது. அவள் காதைக் கொடுக்கவில்லை. பையில் ஒரு மாற்று உடையைத் திணித்துக்கொண்டு, மூன்றாவது இடத்தின் நேர்காணலுக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே போய் இறங்கியதும் அவளுக்கு மனசு விட்டுப்போனது. நீளமான மதில். காரை பெயர்ந்த கட்டடங்கள். காவலாளி அவளை நோயாளியின் சொந்தக்காரர் என்று நினைத்துப் பார்வையாளர் வரிசைக்கு அனுப்பிவிட்டார். அங்கிருந்து மீண்டு பயிற்சித் தலைவியின் அறையைக் கண்டுபிடிக்கவே வெகு நேரமாயிற்று. அந்த அம்மாளுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். முழங்கால் வலி. முகத்தில் மருந்துக்கும் சிரிப்பு இல்லை.

"லேட்டு," என்றார். "உங்க மார்க்குக்குப் பெரிய இடம் கிடைக்குமே. இங்க எதுக்கு வந்தீங்க? சேவை கீவைன்னு பேசப் போறீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் டீ குடிக்கப் போறேன்."

"சேவைக்கு வரல. கத்துக்க வந்தேன்."

"நடங்க. எனக்கு ரவுண்ட்ஸ் இருக்கு. நடந்துக்கிட்டே பேசலாம்."

நடந்துகொண்டே கேள்விகளை வீசினார். பதில் பிடித்ததா, பிடிக்கவில்லையா என்று காட்டிக்கொள்ளவே இல்லை. பெண்கள் வார்டில் ஓர் இளம் பயிற்சி மருத்துவரை எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டார். "மருந்தோட அளவை ஏத்தியிருக்கீங்க. ஏத்தணும்னு யாருக்குத் தேவைப்பட்டது, அந்தம்மாவுக்கா, உங்களுக்கா?" அந்தப் பயிற்சி மருத்துவர் முகம் சிவந்து, யோசித்து, "எனக்குத்தான் மேடம். அவங்க கத்துறது எனக்குத் தாங்கல," என்றார். "நல்லது. இப்ப என்ன பண்ணலாம்?" என்று தலைவி அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இருவரும் கொஞ்ச நேரம் அந்த ஒரு நோயாளியைப் பற்றியே பேசினார்கள். திட்டும் நிற்கவில்லை, பாடமும் நிற்கவில்லை.

ஆண்கள் வார்டில் ஒருவர் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் போனதும் நிமிர்ந்து பார்த்து, முகத்திலேயே காறித் துப்பினார். அவள் இரண்டடி பின்வாங்கினாள். யாரும் பதறவில்லை.

"கழுவிட்டு வாங்க," என்றார் தலைவி, குழாயைக் காட்டி.

கழுவிவிட்டு வந்தாள்.

"துப்புனவர் பேர் கேட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"கேளுங்க."

அவள் அந்தக் கட்டிலுக்குத் திரும்பிப் போனாள். இந்தத் தடவை நேர் எதிரில் நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், கை எட்டாத தூரத்தில் நின்றாள். தான் ஒரு டாக்டர் என்று சொல்லிவிட்டுப் பெயரைக் கேட்டாள்.

"உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்?" என்றார் அவர்.

"சொல்ல வேண்டாம். சொல்லணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "போ," என்றார். துப்பவில்லை. அவள் திரும்பி வந்ததும் தலைவி அடுத்த கட்டிலுக்கு நடந்தார்.

அறைக்குத் திரும்பியதும், "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

அவள் வரும் வழியெல்லாம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று மனசுக்குள் மல்லுக்கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இன்னொருவர் வாயிலிருந்து இது இங்கும் வந்து சேர்வதைவிடத் தானே சொல்வது மேல் என்று பட்டது.

"எனக்கு மன அழுத்தம் வந்து மருந்து எடுத்திருக்கேன். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு நிறுத்தி. இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு தோணுச்சு."

தலைவியின் முகம் சுருங்கியது. "நான் கேட்டேனா?"

"இல்ல."

"கேக்காததை ஏன் சொல்றீங்க? இங்க இருக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு ஏதாவது ஒண்ணு இருக்கும். எனக்குத் தெரிஞ்சாக வேண்டியது ஒண்ணுதான். டியூட்டியில முடியலன்னா முடியலன்னு வாயைத் திறந்து சொல்லுவீங்களா? சொல்லாம விழுந்தா அடிபடுறது பேஷன்ட்."

"சொல்லுவேன்."

"சரி. சேர்ந்தா இன்னொண்ணு. இங்க இருக்கிற யாரும் உங்களுக்கு வைத்தியம் பார்க்க மாட்டோம். நான் உட்பட. வெளில ஒருத்தரைப் பார்த்துக்குங்க. யாரு, என்னன்னு எனக்குத் தெரிய வேண்டாம். நான் உங்களைத் திட்டுறவ. திட்டுறவளே மருந்தும் கொடுக்கக் கூடாது."

இதையும் எரிச்சலோடுதான் சொன்னார். கதவைக் கையால் காட்டினார். நேர்காணல் முடிந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். பக்கத்து இருக்கை அம்மாள் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தாள். கரு கலைந்த நாளிலிருந்து யாரும் அவளிடம், உன் விஷயம் எனக்குத் தெரிய வேண்டாம் என்று சொன்னதில்லை. அதைக் கேட்டதில் அப்படி ஒரு நிம்மதி.

வரிசையைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டிய கடைசி நாளன்று கணவன் அவள் பின்னாலேயே நின்றான். அவன் சமாதானத்துக்கு இறங்கி வந்திருந்தான்.

"நான் நல்லா யோசிச்சேன். நீயே பெரிய இடத்தைப் போடு. உனக்கே கிடைக்கட்டும். ஆனா புகார் கிகார்னு போகாதே. அம்மாவோட பேர் கெட்டுடும். இந்த வயசுல அவங்க தாங்க மாட்டாங்க."

"நான் தாங்க மாட்டேன்னு அவங்க சொன்னாங்க. அவங்க தாங்க மாட்டாங்கன்னு நீ சொல்றே. உங்க வீட்டுல தாங்குறதுக்குன்னு யாராவது இருக்காங்களா?"

அவள் பழைய மருத்துவமனையை முதலாவதாகப் போட்டாள். இரண்டாவது, மூன்றாவது இடங்களைக் காலியாக விட்டாள். அங்கே கிடைக்கவில்லையென்றால் ஒரு வருடம் வீண்.

"பைத்தியமா உனக்கு?" என்றான் அவன்.

"அதை உங்கம்மாகிட்ட கேளு. கேஸ் ஹிஸ்டரி அவங்ககிட்டதான் இருக்கு."

அதே நாற்காலியில் உட்கார்ந்து மருத்துவக் கவுன்சிலுக்கு இரண்டு புகார்கள் எழுதினாள், ஒன்று மாமியார் மேல், இன்னொன்று துறைத் தலைவர் மேல். பேராசிரியையைச் சாட்சியாகக் குறிப்பிட்டாள். அன்று சாயங்காலமே விஷயம் அவளுடைய அம்மா வீடு வரைக்கும் போய்விட்டது. அம்மா போனில் அழுதாள். "உனக்கு உடம்பு சரியில்லாதப்ப பார்த்தவங்கடி அவங்க. ஊரைக் கூட்டி அவமானப்படுத்துறியே." அவளால் அம்மாவுக்கு விளக்க முடியவில்லை. "ஊரைக் கூட்டுனது நான் இல்லம்மா," என்று மட்டும் சொன்னாள்.

முடிவு வந்தபோது அவளுக்கு அந்தப் பழைய மருத்துவமனையே கிடைத்தது. கணவனுக்குப் பெரிய இடம் கிடைக்கவில்லை. அந்த வீட்டோடு இனி ஒட்டுமில்லை உறவுமில்லை என்று பெரிய நிறுவனத்தின் துறைத் தலைவர் நினைத்துவிட்டார் போலும், அவன் பெயரைப் பட்டியலிலேயே போடவில்லை. பக்கத்துக் கல்லூரிதான் வாய்த்தது. தினமும் நாலு மணிக்கு வீட்டில் இருப்பான். அதற்கும் அவளைத்தான் குற்றம் சொன்னான். அவள் பெட்டி கட்டுகிற நாளில் அறை வாசலில் நின்றுகொண்டு, "என் வாழ்க்கையைக் கெடுத்துட்டுப் போறே," என்றான். அவள் மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள். பதில் சொன்னால் அங்கேயே நின்றுவிடுவோமோ என்று பயமாக இருந்தது. ஆரம்பத்தில் ஞாயிறுதோறும் போன் செய்தான். பிறகு வக்கீல் மூலமாகப் பேச ஆரம்பித்தான்.

புதிய இடம் அவளைத் தாங்கவும் இல்லை, தடவிக்கொடுக்கவும் இல்லை. தலைவி அவளையும் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டார். முதல் மாதங்களில் அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறாள். ஒரு டியூட்டியில் முடியவில்லை என்று வாயைத் திறந்து சொல்லவும் செய்தாள். தலைவி முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு ஆளைப் போட்டார். மறுநாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊருக்குள் ஒரு டாக்டரைத் தேடிப் பிடித்து, விடுமுறை நாளில் போய்ப் பார்த்து வந்தாள். அவர் யார் என்று மருத்துவமனையில் ஒருவருக்கும் தெரியாது.

கவுன்சில் விசாரணை மழைக்காலத்தில் நடந்தது. துறைத் தலைவர் தனக்கு அப்படியொரு கேள்வி கேட்டதாக நினைவில்லை என்றார். வழுக்கைத் தலைக்கும் நினைவில்லை. பேராசிரியை எழுந்து, "கேட்டார். நான் அங்கதான் இருந்தேன்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பிறகு மாமியாரைக் கேட்டார்கள். அவருடைய வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமியார் கையமர்த்தினார்.

"சொன்னேன். அவ என் பேஷன்ட். சொல்லியிருக்கக் கூடாது. தப்புதான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ஆனா இப்பவும் சொல்றேன், அந்த வேலை அவளை உடைச்சுடும்."

"இப்பவும் சொல்றீங்க பாருங்க," என்றாள் அவள், அனுமதி கேட்காமலே. விசாரணை அதிகாரி மேசையைத் தட்டி அடக்கினார்.

இருவருக்கும் எழுத்தில் கண்டனம் கொடுத்தார்கள். தலைவரை மாணவர் தேர்விலிருந்து விலக்கினார்கள். அவள் எதிர்பார்த்ததைவிட அது குறைவு. அவர்கள் பயந்ததைவிடவும் குறைவுதான்.

வெளியே வராந்தாவில் லிஃப்டுக்காக நின்றபோது மாமியாரும் வந்து பக்கத்தில் நின்றார். முன்பைவிட மெலிந்திருந்தார். தனியாகத்தான் வந்திருந்தார், மகன் வரவில்லை. இருவரும் மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தூங்குறியா?" என்றார் மாமியார், பார்வையைத் திருப்பாமல்.

அந்தக் குரல் அவளுக்குப் பழக்கமான குரல். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த குரல். பதில் சொல்லிவிடலாம் போலக்கூட இருந்தது.

"அதை நீங்க கேக்கக் கூடாது," என்றாள்.

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. மாமியார் ஏறவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிகளில் மெல்ல இறங்கிப் போனார். அவள் லிஃப்டில் ஏறினாள், கீழே போய், மழை விடுவதற்குக் காத்திருக்காமல் பஸ் நிலையத்தை நோக்கி நடந்தாள்.